வியாழக்கிழமை ஜானுக்கு



குடும்ப ஜெபம் என்று பேச்செடுத்தாலே, நேரமே இல்லை என்றுதான் நம் சகோதரிகள் பலரும் என்னிடம் சொல்லுகிறார்கள். பிள்ளை கையில் செல்போன், வீட்டுக்காரர் டூட்டி முடிந்து வர ராத்திரி பத்து மணி. நியாயம்தான். ஆகவே சுசன்னா வெஸ்லி அம்மையாரைப் பற்றி எழுதலாம் என்று என் உள்ளத்தில் ஏவப்பட்டேன்.

இவர் 1669இல் லண்டனில் ஒரு போதகரின் மகளாகப் பிறந்தார். 1688இல் சாமுவேல் வெஸ்லி என்ற போதகரை மணந்தார். பெற்ற பிள்ளைகள் 19. அதில் 9 பேரைக் குழந்தைகளாகவே கல்லறைக்குக் கொடுத்தார். எப்வொர்த் என்ற கிராமத்தில் ஊழியம். கணவர் நல்ல படிப்பாளி, ஆனால் கையில் காசு நிற்காது. கடனுக்காக 1705இல் ஜெயிலுக்கும் போனார்.

1709 பிப்ரவரியில் ஒரு ராத்திரி வீடே எரிந்துபோனது. மாடியில் சிக்கிய ஐந்து வயது ஜானை, ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி ஜன்னல் வழியாக இழுத்து எடுத்தார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டில் சிதறினார்கள்; கெட்ட பேச்சும் பழக்கமும் ஒட்டிக்கொண்டது. வீடு கட்டி எல்லாரும் திரும்பியதும் அம்மையார் புது ஒழுங்கு வைத்தார். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெரிய பிள்ளை கடைக்குட்டியையும், அடுத்த பிள்ளை அதற்கு மேற்பட்டதையும் கூட்டிக்கொண்டு போய், அன்றைய சங்கீதமும் புதிய ஏற்பாட்டில் ஒரு அதிகாரமும் வாசிக்க வேண்டும். காலையில் சங்கீதமும் பழைய ஏற்பாடும். ஐந்து வயது ஆனதும் ஒரே நாளில் எழுத்து கற்பிப்பார். உடனே ஆதியாகமம் முதல் அதிகாரம். (நம் தமிழில் 247 எழுத்து, ஒரே நாளில் கேட்டுவிடாதீங்க!)

இனிதான் நம் தேசம் வருகிறது. 1706இல் சீகன்பால்கு ஐயரும் அவர் உடன் ஊழியரும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள் அல்லவா? அவர்கள் ஊழிய விவரம் இங்கிலாந்தில் புத்தகமாக வந்தது. கணவரின் அறையில் கிடந்த அதை மகள் எமிலி கண்டெடுத்தாள். வாசித்த தாயின் உள்ளம் பற்றிக்கொண்டது. கடல் கடந்து போக முடியாது. ஆனால் வீட்டில் இருக்கிற ஆத்துமாக்கள்? அன்றுமுதல் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு சாயங்காலத்தைத் தனியாக ஒதுக்கினார். திங்கள் மோலிக்கு, செவ்வாய் ஹெட்டிக்கு, வியாழன் ஜானுக்கு, சனி சார்லஸுக்கு. நம் தமிழ்க் கரையில் விழுந்த பொறி அந்தச் சமையலறை வரை போயிற்று என்று நினைக்கும்போது எனக்கு மெய் சிலிர்க்கிறது.

கணவர் லண்டன் போயிருந்த நாட்களில், ஞாயிறு மாலை பிள்ளைகளுக்கும் வேலைக்காரருக்கும் ஜெபமும் பிரசங்கமும் வாசித்தார். வேலைக்காரப் பையன் தன் பெற்றோரிடம் சொல்ல, அவர்கள் வந்தார்கள். பிறகு அக்கம்பக்கம். 1712இல் 200 பேருக்கு மேல் வந்து, இடமில்லாமல் பலர் திரும்பிப் போனார்கள். ஒரு பெண் இப்படிச் செய்யலாமா என்று உதவிப் போதகர் புகார் எழுதினார், கணவரும் தயங்கினார். அம்மையார் சண்டை போடவில்லை. நிறுத்த வேண்டுமானால் தெளிவாகக் கட்டளையிடுங்கள், நியாயத்தீர்ப்பு நாளில் அந்தப் பொறுப்பு உங்களுடையது என்று பணிவாக எழுதினார். அப்புறம் ஒருவரும் நிறுத்தவில்லை!

எல்லாப் பிள்ளைகளும் அப்படியே வாய்த்தார்கள் என்று நான் எழுதமாட்டேன். செவ்வாய்க்கிழமைப் பிள்ளை ஹெட்டி 1725இல் ஒருவனை நம்பி வீட்டைவிட்டுப் போய் ஏமாந்தாள். பிறகு நடந்த கல்யாணமும் கண்ணீர்தான். தகப்பனார் மன்னிக்கவே இல்லை. அவளுக்காகப் பரிந்து பேசியவர் தம்பி ஜான். கடைசிக் காலத்தில் ஹெட்டி தன் தம்பிமாரின் கூட்டங்களில் வந்து அமர்ந்தாள். ஜெபித்து வளர்த்தும் இப்படியாகிவிட்டதே என்று நம் சபையில் அழுகிற தாய்மாருக்காகவே இதை எழுதுகிறேன்.

ஜானும் சார்லஸும் இங்கிலாந்தை அசைத்த எழுப்புதல் ஊழியர்கள் ஆனது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஆக்ஸ்போர்டில் ஆசிரியராக இருந்த காலத்தில்கூட, அந்த வியாழக்கிழமை நேரத்தை எனக்காக ஒதுக்குங்கள் அம்மா என்று ஜான் கடிதம் எழுதிக் கேட்டார்.

1742 ஜூலையில் லண்டனில் ஜானின் வீட்டில் அம்மையார் படுத்திருந்தார். தன் ஜீவன் பிரிந்தவுடனே தேவனைத் துதித்து ஒரு சங்கீதம் பாடும்படி பிள்ளைகளிடம் சொல்லிவைத்தார். கட்டிலைச் சுற்றி நின்ற ஜானும் சகோதரிகளும் அப்படியே பாடினார்கள்.