அல்வேர்னா மலையில் அர்ச். பிரான்சிஸ் அசிசியார்

இத்தாலி தேசத்தில், அரேஸ்ஸோ நகருக்கு வடக்கே, தனித்து நிமிர்ந்து நிற்கும் ஒரு மலையுண்டு. அவ்விடத்தார் அதை லா வெர்னா என்பார்கள். அல்வேர்னா என்றும் அதற்குப் பெயர். மலையின் ஒரு பக்கம், கோடாரியால் வெட்டி எடுத்தாற்போல் செங்குத்தான பாறை. அப்பாறையின்மேல், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 3700 அடி உயரத்தில், பிரான்சிஸ்கன் சபைச் சந்நியாசிகளின் மடம் இருக்கிறது. மடத்தைச் சுற்றிலும் காடு. அக்காட்டின் வழியாகப் பென்னா என்னும் சிகரத்துக்கு ஓர் ஒற்றையடிப்பாதை போகிறது. சிகரத்தின் உயரம் 1283 மீட்டர், அதாவது சுமார் 4200 அடி.

திருயாத்திரை செய்வோர் அடிவாரத்துக் குடியிருப்பிலிருந்து பழைய பாதையில் ஏறி முதலில் மடத்தை அடைவார்கள். அங்கிருந்து சிகரத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வழியெல்லாம் பீச் மரங்களும் ஊசியிலை மரங்களும் வானளாவி நிற்கும். பாசி படர்ந்த பெரும் பாறைகள், இப்போதுதான் விழுந்தவைபோல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். மேலே ஒரு சிறு கோவில். அதனருகே நின்று பார்த்தால் காலடியில் பெரும் பள்ளம். ஒரு பக்கம் ஆர்னோ நதியின் பள்ளத்தாக்கு, மறுபக்கம் தீபர் நதியின் பள்ளத்தாக்கு. முந்தினது பிளாரன்ஸ் நகருக்கும், பிந்தினது உரோமாபுரிக்கும் ஓடுகின்றன. இத்தாலிய மகாகவியான தாந்தேயும் தமது காவியத்தில் இவ்விரு நதிகளைச் சொல்லியே இம்மலையை அடையாளம் காட்டுகிறார்.

1224-ம் ஆண்டு கோடைகாலத்தில் நோயாளி ஒருவர் கழுதைமேல் ஏறி இம்மலைக்கு வந்தார். அவர்தாம் அர்ச். பிரான்சிஸ் அசிசியார். அவர் எப்படிப்பட்ட மனதோடு ஏறினார், எப்படி இறங்கினார் என்பதை நம் குடும்பங்கள் அறிந்துகொள்வது நலம்.

அவருடைய இளமைச் சரித்திரம் அநேகருக்குத் தெரிந்ததே. 1182-ம் ஆண்டளவில் அசிசி நகரில் செல்வமுள்ள துணி வியாபாரியின் மகனாகப் பிறந்தார். பாட்டும் விருந்துமாய் வளர்ந்தார். பெருஜா நகரத்தாரோடு நடந்த சண்டையில் பிடிபட்டு ஏறக்குறைய ஒரு வருஷம் சிறையிலிருந்தார். பின்பு தேவ அழைத்தலுக்குக் காது கொடுத்து, முன்பு தாம் முகம் திருப்பிக்கொண்டு போன குஷ்டரோகிகளுக்கே ஊழியம் செய்தார். தகப்பனாருடைய சொத்தையும் உடுத்திய துணியையுங்கூட அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுத் தரித்திரத்தைத் தேடிக்கொண்டார். 1209-ம் ஆண்டில் மூன்றாம் இன்னொசென்சியுஸ் பாப்பரசர் அவருடைய சிறு கூட்டத்துக்கு வாய்மொழியாக அநுமதி அளித்தார்.

மலை அவருக்குக் கிடைத்த விதம் அழகானது. 1213-ம் ஆண்டு மே மாதத்தில் அவர் சான் லெயோ என்னும் கோட்டை ஊர் வழியாய்ப் போகையில், அங்கே ஒரு பிரபுவின் வீட்டில் விருந்து நடந்துகொண்டிருந்தது. அசிசியார் கூட்டத்தின் நடுவே நின்று பிரசங்கம் செய்தார். அதைக் கேட்ட ஒர்லாந்தோ என்னும் பிரபு மனம் உருகி, தம் ஆத்தும காரியத்தைப் பற்றி உடனே பேசவேண்டும் என்றார். அசிசியாரோ, அழைத்தவர்களை மதித்து முதலில் அவர்களோடு பந்தியிலிருந்து சாப்பிடும்படியும், பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லி அனுப்பினாராம். பக்தியின் பேரால் மரியாதையைக் கைவிடலாகாது என்பது அவர் எண்ணம். சாப்பாடு முடிந்து இருவரும் பேசியபின், பிரபு தமக்குச் சொந்தமான அல்வேர்னா மலையைச் செபத்துக்கும் தபசுக்கும் ஏற்ற இடமென்று அவருக்குக் கொடுத்தார். சாசனம் ஒன்றும் எழுதப்படவில்லை. பிரபுவின் பிள்ளைகள்தாம் 1274-ல் அதை எழுத்தில் உறுதிப்படுத்தினார்கள். சொத்து வேண்டாம் என்றவர் மலையை மாத்திரம் ஏற்றுக்கொண்டது எப்படி என்று கேட்கலாம். அவர் அதைத் தம்முடையதென்று ஒருநாளும் எண்ணவில்லை. மரக்கிளைகளால் கட்டிய குடிசைகளில், இரவல் வீட்டில் தங்குகிறவர்போலவே தங்கினார்.

அதன்பின் வருஷங்கள் ஓடின. பன்னிரண்டு பேராய்த் தொடங்கிய கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகிற்று. பெருகின குடும்பத்தில் பேதங்களும் வந்தன. கல்விச்சாலை வேண்டும், பெரிய வீடு வேண்டும், ஒழுங்கை இலேசாக்க வேண்டும் என்று சிலர் விரும்பினார்கள். பொலோஞ்ஞா நகரில் சகோதரர்களுக்குச் சொந்த வீடு இருப்பதாகக் கேள்விப்பட்டதும், அசிசியார் நோயாளிகள் உட்பட எல்லாரையும் அதைவிட்டு வெளியேறச் சொன்னார். அந்த வீடு தம்முடையதென்று கர்தினால் ஊகோலீனோ வெளிப்படையாய் அறிவித்த பிறகுதான் அவர்கள் திரும்பிப் போகச் சம்மதித்தார். 1220-ம் ஆண்டில் சபைத் தலைமையைத் தாமே விட்டு விலகினார். 1223 நவம்பர் 29-ல் மூன்றாம் ஒனோரியுஸ் பாப்பரசர் சபை ஒழுங்கை உறுதிப்படுத்தினார். சபை நிலைத்தது. ஆனால் பெற்ற தகப்பன் தன் வீட்டிலேயே விருந்தாளியாய்ப் போனதுபோலிருந்தது அவர் நிலை. எகிப்து தேசம் போய்வந்ததிலிருந்து கண் நோயும் அவரை வாட்டியது. வயிற்று நோவும் கூடிற்று. வயது நாற்பத்திரண்டுதான். சரீரமோ கிழவனுடையது.

இந்த நிலையில்தான், தேவமாதா மோட்சத்துக்கு எழுந்தருளிய திருநாள் முதல் அர்ச். மிக்கேல் சம்மனசானவரின் திருநாள் வரையில் ஒருசந்தியிருந்து செபிக்க அவர் அல்வேர்னாவுக்குப் புறப்பட்டார். சகோதரர் லெயோனும் வேறு சிலரும் கூட வந்தார்கள். நடக்க முடியாமையால் ஓர் ஏழைக் குடியானவனிடம் கழுதையை இரவல் கேட்டார்கள். அவனும் கூடவே நடந்துவந்தான். வழியில் அவன், நீர்தானா அந்த அசிசி பிரான்சிஸ் என்று விசாரித்தான். ஆமென்று அறிந்ததும், ஜனங்கள் உம்மை எவ்வளவு நல்லவரென்று நம்புகிறார்களோ அவ்வளவு நல்லவராயிருக்கப் பாரும், அநேகர் உம்மை நம்பியிருக்கிறார்கள் என்று புத்தி சொன்னானாம். அசிசியார் கழுதையிலிருந்து இறங்கி அவன் பாதங்களை முத்தமிட்டு, தமக்கு இப்படி எச்சரிக்கை கொடுத்ததற்காக நன்றி செலுத்தினார். பின்னும் ஏறுகையில் அந்த மனிதன் கோடை வெயிலில் தாகத்தால் துவண்டான். அசிசியார் முழந்தாளிட்டுச் செபித்தார். முன்னும் பின்னும் தண்ணீர் கண்டிராத பாறையில் அவனுக்குத் தண்ணீர் கிடைத்த புதுமையைப் பழைய சரித்திரங்கள் கூறுகின்றன. மலையை நெருங்கியதும் பறவைகள் கூட்டமாய் வந்து அவரை எதிர்கொண்டு, தலையிலும் தோளிலும் கைகளிலும் அமர்ந்தன என்றும் சொல்வார்கள். அவ்விடத்தில் இன்றும் ஒரு சிறு கோவில் உண்டு.

மலைமேல் அவர் மற்றவர்களைவிட்டு விலகி, ஒரு பிளவுக்கு அப்பாலிருந்த இடத்தில் தனித்திருந்தார். பிளவின்மேல் ஒரு மரம் பாலமாய்ப் போடப்பட்டிருந்தது. சகோதரர் லெயோன் தினமும் கொஞ்சம் ரொட்டியும் தண்ணீரும் கொண்டுவருவார். இரவில் பாலத்தருகே வந்து, கட்டளை செபத்தின் முதல் வார்த்தைகளைச் சொல்வார். அப்பாலிருந்து பதில் வந்தால் கடந்துபோய்ச் சேர்ந்து செபிப்பார். பதில் வராவிட்டால் சத்தமில்லாமல் திரும்பிப்போவார். அங்கே கூடு கட்டியிருந்த ஓர் இராஜாளி, செப நேரத்தில் குரல் கொடுத்து அசிசியாரை எழுப்புமாம். நோய் அதிகமான நாட்களில் அது பொழுது விடியும்போதுதான் மெதுவாய்க் கூவுமாம்.

அர்ச். சிலுவையின் மகிமைத் திருநாளையொட்டி, செப்டம்பர் மாதத்தில் ஒருநாள் விடியற்காலை, அவர் செபத்திலிருக்கும்போது, ஆறு செட்டைகளுள்ள பக்திச்சுவாலகர் ஒருவர் சிலுவையில் அறையப்பட்டவரின் சாயலாய் அவருக்குக் காட்சி தந்தார். அழகையும் வேதனையையும் ஒருமிக்கக் கண்ட அசிசியாருக்குச் சந்தோஷமும் துக்கமும் ஒருங்கே உண்டாயின. காட்சி மறைந்தபின், அவருடைய கைகளிலும் கால்களிலும் விலாவிலும் ஆண்டவருடைய ஐந்து திருக்காயங்கள் பதிந்திருந்தன. விலாக் காயத்திலிருந்து இரத்தம் கசிந்தது. இதை அவர் யாருக்கும் காட்டிப் பெருமை தேடவில்லை. கைகளை அங்கியின் மடிப்புக்குள் மறைத்துக்கொண்டார். அவர் மரிக்கும்வரை கண்டவர்கள் வெகு சிலரே.

அதே நாட்களில் நடந்த இன்னொரு சிறு காரியம் நம் கவனத்துக்கு உரியது. சகோதரர் லெயோன் அப்போது ஞானச் சோதனை ஒன்றால் மிகவும் கலங்கியிருந்தார். தம் தகப்பனார் கைப்பட எழுதிய சில வார்த்தைகள் கிடைத்தால் ஆறுதலாயிருக்கும் என்று ஆசைப்பட்டார். கேட்க வெட்கம். கேட்காமலே அசிசியார் அவரைக் கூப்பிட்டு, தோல் கடிதமும் மையும் கொண்டுவரச் சொன்னார். காயப்பட்ட கையால் ஒரு பக்கத்தில் சர்வேசுரனுக்குத் தோத்திரங்களையும், மறுபக்கத்தில் லெயோனுக்கு ஆசீர்வாதத்தையும் எழுதி, சிலுவையின் சாயலான தௌ என்னும் எழுத்தையும் வரைந்து கொடுத்தார். சோதனை நீங்கிற்று. லெயோன் அந்தச் சிறு தோலை மடித்துத் தம்மோடே வைத்திருந்தார். ஏறக்குறைய நாற்பத்தேழு வருஷங்களுக்குப்பின், 1271-ம் ஆண்டளவில், அவர் மரித்தார். மடிப்பின் கோடுகளோடும், லெயோன் சிவப்பு மையில் எழுதிவைத்த குறிப்போடும், அது இன்றும் அசிசி நகரில் அவருடைய பெரிய கோவிலில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. ஆண்டவருடைய காயங்களைப் பெற்ற அந்தப் பெரிய நாட்களிலும், பக்கத்திலிருந்தவனுடைய மனக்கலக்கம் அசிசியாரின் கண்ணுக்குத் தப்பவில்லை.

ஒருசந்தி முடிந்து, செப்டம்பர் 30-ந் தேதி அவர் மலையைவிட்டு இறங்கினார். பாதங்களை ஊன்ற முடியாததால் மறுபடியும் கழுதையின் மேல்தான் பிரயாணம். திரும்பவும் அந்த மலைக்கு அவர் வரவேயில்லை. மேலேயே தங்கியிருக்கலாம். அங்கே அமைதி இருந்தது, சண்டை சச்சரவு இல்லை. ஆயினும் அவர் ஊர் ஊராய்ப் பிரசங்கம் செய்தார். ஆதியில் செய்ததுபோல் குஷ்டரோகிகளுக்குத் திரும்பவும் ஊழியம் செய்ய ஆசைப்பட்டார். கண் நோய்க்காகப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அவருக்குச் சூடு போட்டார்கள். பார்வை மங்கிப்போன அந்த நாட்களில், 1225-ம் ஆண்டில், சூரியனையும் தண்ணீரையும் பூமியையும் சகோதர சகோதரிகளென்று அழைத்துத் தேவ துதிப்பாட்டு இயற்றினார். அசிசியில் மேற்றிராணியாரும் நகரத் தலைவனும் பகைத்திருப்பதைக் கேட்டு, மன்னிப்பைப் பற்றிய வரிகளை அதோடு சேர்த்து அவர்கள் முன் பாடச்செய்து இருவரையும் சமாதானப்படுத்தினார். 1226 அக்டோபர் 3-ந் தேதி மாலையில், வெறுந்தரையில் கிடத்தப்பட்டவராய் மரித்தார். 1228 ஜூலை 16-ல் ஒன்பதாம் கிரகோரியுஸ் பாப்பரசர் அவரை அர்ச்சியசிஷ்டவர் என்று பிரசித்தப்படுத்தினார். முன்பு பொலோஞ்ஞா வீட்டைத் தம்முடையதென்று சொன்ன கர்தினால் ஊகோலீனோதாம் அந்தப் பாப்பரசர்.

அல்வேர்னாவில் இப்போது அந்தத் திருக்காய இடத்தின்மேல் கோவில் இருக்கிறது. சந்நியாசிகள் தினமும் பிற்பகலில் அவ்விடத்துக்குச் சுற்றுப்பிரகாரமாய்ச் செல்வார்கள். முற்காலத்தில் ஓர் இரவு கடும் பனியினால் அவர்கள் போகாதிருக்க, மறுநாள் பனியின்மேல் காட்டு மிருகங்களின் காலடிகள் கோவில்வரை சென்றிருந்ததைக் கண்டார்கள் என்று மடத்தில் ஒரு கதை வழங்குகிறது. 1993 முதல் அந்தக் காட்டுப் பிரதேசம் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகிறது. 2024-ம் ஆண்டில் திருக்காய வரத்தின் 800-வது ஆண்டை அங்கே கொண்டாடினார்கள்.

பிரியமானவர்களே, பிள்ளைகள் தம் சொல்லைக் கேளாமல் வேறு வழி போகிறார்களென்று வருந்தும் தாய் தகப்பன்மார் நம் பங்கிலும் உண்டு. பாடுபட்டு வளர்த்த காரியம் பிறர் கைக்குப் போய்விட்டதென்று மனம் கசந்தவர்களும் உண்டு. அசிசியாரும் அந்தப் பாரத்தோடுதான் மலையேறினார். சபை அவர் கைக்குத் திரும்ப வரவில்லை. நோயும் தீரவில்லை. சிலுவையில் அறையப்பட்டவரோடு இன்னும் நெருங்கிச் சேர்க்கப்பட்டார், அவ்வளவுதான். அந்தக் காயங்களோடு கீழே வந்து, கசப்பில்லாமல் பாடினார், பகைத்தவர்களைச் சேர்த்துவைத்தார். நாமும் செபத்தில் கொஞ்சநேரம் தனித்திருந்துவிட்டு எழுந்து வருகையில், வீட்டில் கலங்கியிருக்கும் லெயோன் யாரென்று பார்ப்போமாக. அவர் வாய்திறந்து கேட்குமுன்னே ஓர் ஆறுதல் வார்த்தை சொல்வோமாக.