ஒவ்வொன்றாக ஈந்த கணித மேதை

சீனிவாச இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டமையால் கல்லூரி உதவித்தொகையை இழந்தார். தாள் வாங்கவும் பணம் போதவில்லை. ஆகவே, பலகையில் கணக்கிட்டு, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். பின்னர்ப் பலகையை முழங்கையால் அழித்துவிட்டு அடுத்த கணக்கிற்குச் செல்வார்.

அந்நாளில் இந்தியக் கணிதக் கழக இதழின் ஆசிரியராக விளங்கியவர், பெங்களூரு சென்ட்ரல் கல்லூரிப் பேராசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார். இராமானுஜனின் முறைகள் புதியன. விளக்கமோ மிகச் சுருக்கமானது. ஆசிரியர் அவரைக் கொண்டே கட்டுரையைத் திருத்தச் செய்து 1911இல் வெளியிட்டார். அதுவே இராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை.

அதே ஆண்டில் அவ்விதழின் வாசகர்களுக்கு இராமானுஜன் ஒரு வினா விடுத்தார்.

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

முடிவின்றி நீளும் இதன் மதிப்பு யாது? எவரும் விடை கூறவில்லை. பின்னர் அவரே விடை 3 எனக் காட்டினார்.

இக்கணக்கை இன்று பைத்தான் மொழியில் எழுதுவோர் மடக்கு ஒன்றை அமைப்பர். சுற்றுக்கு ஒரு வர்க்கமூலம் கூட, மதிப்பு 1, 1.73, 2.24, 2.56 என வளர்ந்து 3ஐ நெருங்கும். மடக்கினுள் ‘ரிட்டர்ன்’ என எழுதினால், செயற்கூறு முதல் மதிப்பாகிய 1ஐத் தந்து அத்துடன் முடிந்துவிடும். மடக்கு முடிந்தபின் தருமாறு எழுதினால், முடியாத மடக்கிலிருந்து விடையே வாராது. ‘யீல்டு’ என எழுதினாலோ, ஒரு மதிப்பைத் தந்து, நின்ற இடத்தை நினைவில் வைத்து, கேட்கும்போது அடுத்த மதிப்பைத் தரும்.

இராமானுஜனின் உழைப்பும் இத்தகையதே. 1914இல் இங்கிலாந்து சென்றார். 1918இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1919இல் நோயுடன் தாயகம் திரும்பினார். நோய்ப்படுக்கையிலும் கணக்கிடுவதை நிறுத்தவில்லை. 1920 சனவரியில் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய மடலில், தாம் கண்ட புதுவகைச் சார்புகளை அறிவித்தார். அவ்வாண்டு ஏப்ரல் 26ஆம் நாள், 32ஆம் அகவையில் மறைந்தார். யாவற்றையும் முடித்தபின் ஒருங்கே எழுதலாம் எனக் காத்திருந்தால், அவை அவருடனேயே மறைந்திருக்கும். கண்டவற்றை அவ்வப்போது குறித்துவைத்தமையால் ஏறத்தாழ 3,900 முடிவுகள் உலகிற்குக் கிடைத்தன. அவற்றை மெய்ப்பிக்கும் பணியைப் பிற்காலக் கணித அறிஞர் பல்லாண்டுகள் மேற்கொண்டனர்.

சொற்பொருள்
மடக்கு – கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் அமைப்பு
செயற்கூறு – குறித்த ஒரு பணியைச் செய்யும் நிரல் பகுதி
அகவை – வயது