கிந்தா மண்ணை மிதித்த சுரங்கப் பொறியாளர்: ழாக் தெ மோர்கன்

ஈப்போ வட்டாரத்தில் வாழும் நமக்கு ஈயத்தின் கதை புதிதன்று. நம் முன்னோர் கடை வைத்ததும், வட்டித்தொழிலும் நாணய மாற்றும் நடத்தியதும், நாசி கண்டார் காவடி சுமந்ததும், ரப்பர் தோட்டங்களுக்குச் சாமான் கொண்டுசென்றதும் ஈயத்தால் வளர்ந்த ஊர்களில்தான். அந்த ஈயத்தின் வரலாற்றைப் பேசும்போது லாரூட்டின் லோங் ஜாஃபரை நினைக்கிறோம். சீனச் செல்வந்தர்களை நினைக்கிறோம். இந்தப் பொன்விழா மலரில் அதிகம் பேசப்படாத ஒருவரைப் பற்றி எழுத விரும்புகிறோம். ஹம்முராபியின் சட்டக்கல் யாருடைய தலைமையில் தோண்டி எடுக்கப்பட்டதோ, அந்த ழாக் தெ மோர்கன்தான் அவர். அதற்கு ஏறத்தாழ பதினேழு ஆண்டுகளுக்கு முன் அவர் நம் கிந்தா ஆற்றோரம் ஈயம் தேடி நடந்த இளைஞர்.

மோர்கன் 1857இல் பிரான்சில் பிறந்தார். தந்தையும் பொறியாளர்; பூச்சிகளைச் சேகரிப்பதிலும் பழங்காலக் கற்கருவிகளைத் தேடுவதிலும் ஆர்வம் உடையவர். மகனுக்கும் அந்த ஆர்வம் ஒட்டிக்கொண்டது. பாரிஸ் சுரங்கப் பள்ளியில் படித்து 1882இல் பொறியாளராக வெளிவந்தார். பாறையின் அடுக்கைப் பார்த்து அதனுள் என்ன இருக்கும் என்று சொல்வது அவர் கற்ற தொழில்.

1884இல் பேராக் வந்தபோது அவருக்கு வயது இருபத்தேழு. பங்கோர் ஒப்பந்தம் முடிந்து பத்தாண்டுகளே ஆகியிருந்தன. ஹியூ லோ ரெசிடெண்டாக இருந்தார். லாரூட்டை அடுத்து கிந்தாப் பள்ளத்தாக்கின் மீது எல்லாருடைய கண்ணும் திரும்பிய நேரம் அது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதல் ரயில் ஓடியது 1885இல். ஆகவே மோர்கன் வந்த ஆண்டில் பேராக்கில் ரயில் என்பதே இல்லை. ஆற்றில் படகு, காட்டில் யானைத்தடம், மற்றபடி கால்நடை. இப்படித்தான் அவர் கிந்தாவையும் புலுஸ் ஆற்றுப் பகுதியையும் சுற்றினார்.

அவர் இங்கே கண்ட தொழில்முறையைச் சற்று விளக்க வேண்டும். ஈயத் தாது நீரைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு கனமானது. வெறும் மணல் இரண்டரை மடங்குக்குச் சற்றே கூடுதல். ஓடும் நீரில் இரண்டையும் கலந்து விட்டால் மணல் அடித்துச் செல்லப்படும். தாது அடியில் தங்கும். மலாய்க்காரர்கள் குன்றுச் சரிவில் ஓடையைத் திருப்பி மண்ணைக் கரைத்து ஈயம் எடுத்தார்கள். பெண்கள் டூலாங் என்னும் மரத்தட்டை ஆற்றில் சுழற்றி அரித்தார்கள். சீனர்கள் பெரிய குழி வெட்டி, ஊறும் நீரைச் சங்கிலிப் பலகைகளால் இறைத்து, கூடை கூடையாக மண் சுமந்தார்கள். கருவி வேறாக இருந்தாலும் எல்லாருக்கும் அடிப்படை ஒன்றுதான்: கனமானதை வைத்துக்கொள், இலேசானதை விட்டுவிடு.

மோர்கன் பேராக்கின் நிலவமைப்பையும் சுரங்கத் தொழிலையும் பற்றி எழுதிய ஆய்வு 1886இல் பிரெஞ்சுச் சுரங்கத்துறை ஏட்டில் வெளியாயிற்று. அதே ஆண்டில் கிந்தாவில் ஈயம் எடுக்கப் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றும் தொடங்கப்பட்டது. ஆனால் இந்த மனிதர் ஈயத்தோடு நிற்கவில்லை. ஓராங் அஸ்லி மக்களின் வாழ்க்கையைக் குறித்துக்கொண்டார், அவர்கள் மொழிச் சொற்களைச் சேகரித்தார், வரைபடம் வரைந்தார். நம் சுண்ணாம்புக் குன்றுகளில் ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு நத்தைகளையும் பொறுக்கி, 1885இல் பேராக் நத்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் பெயரிட்ட நத்தை ஒன்று புலுஸ் ஆற்றின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. ஈயம் தேட வந்தவர் ஈயமல்லாதவற்றையும் கையில் எடுத்துப் பார்த்தார் என்பதை இங்கே மனத்தில் வைத்துக்கொள்வோம்.

பேராக்கிற்குப் பின் ஆர்மீனியாவில் அக்தாலா செப்புச் சுரங்கத்தை நிர்வகிக்கும் வேலை. அங்கே பழங்காலக் கல்லறைகள் இருந்தன. அவற்றில் வெண்கலப் பொருள்கள் கிடைத்தன. செம்போடு ஈயம் சேர்ந்தால்தான் நல்ல வெண்கலம். மனிதன் உலோகத்தை எப்போது, எங்கே உருக்கக் கற்றான் என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

1889 முதல் 1891 வரை பாரசீகத்தில் பயணம் செய்தார். அதன் மேற்கெல்லையில் கஸ்ரே ஷீரீன் பக்கம் நிலத்தில் எண்ணெய் கசிவதைக் கண்டு 1892இல் ஆய்வுக்குறிப்பு வெளியிட்டார். அந்தக் குறிப்பு எண்ணெய் தேடுவோரின் கவனத்தை ஈர்த்தது. 1901இல் டார்சி என்பவர் பாரசீகத்தில் எண்ணெய் உரிமை பெற்றார். அவருடைய ஆட்கள் முதலில் துளையிட்டது அந்த வட்டாரத்தில்தான். அங்கே எதிர்பார்த்த அளவு கிடைக்காமல் தெற்கே போய், 1908இல் மஸ்ஜிதே சுலைமான் என்னும் இடத்தில் பெருக்காகக் கண்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பகுதியின் வரலாறே மாறிப்போனது.

1892இல் மோர்கன் எகிப்தின் தொல்பொருள் துறைத் தலைவரானார். தஹ்ஷூர் பிரமிடுகளைச் சுற்றிச் சுரங்கக்காரரைப் போலவே சோதனைக் குழிகள் இட்டுப் பார்த்தார். 1894இல் இளவரசிகளின் நகைகள் கிடைத்தன. ஏறத்தாழ 3,800 ஆண்டுப் பழைமையான பொன்வேலைப்பாடு. அவருடைய தொழிற்கல்வி அங்கே வெற்றி தந்தது.

1897இல் பாரசீகத்தின் சூசாவுக்குச் சென்றார். இன்று அவ்வூர் ஷூஷ். நபி தானியால் (அலை) அவர்களின் அடக்கத்தலம் என்று மக்கள் ஸியாரத் செய்யும் இடம் அங்கேதான் இருக்கிறது. அதன் அருகே உயர்ந்து நிற்கும் மேட்டை மோர்கன் தோண்டினார். மேட்டின் உயரம் ஏறத்தாழ 35 மீட்டர். அதை ஐந்து ஐந்து மீட்டர் தட்டுகளாகப் பிரித்தார், தண்டவாளம் இட்டார், நூற்றுக்கணக்கான ஆட்களை வைத்து வண்டி வண்டியாக மண்ணை வெளியேற்றினார். கிந்தாவில் திறந்தவெளிச் சுரங்கத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி விளங்கும்.

கிடைத்தவை சாதாரணமானவை அல்ல. அக்காத் அரசன் நராம்-சின்னின் வெற்றிக்கல் 1898இல் கிடைத்தது. 1901 இறுதியிலும் 1902 தொடக்கத்திலும் ஹம்முராபியின் சட்டக்கல் மூன்று துண்டுகளாகக் கிடைத்தது. உயரம் இரண்டே கால் மீட்டர். 1903இல் ஈலாம் அரசி நபிர்-அசுவின் தலையில்லாத உலோகச் சிலை வெளிப்பட்டது. எடை 1,750 கிலோ. வெளிப்புறம் செம்பு, உள்ளே நிரப்பியிருப்பது வெண்கலம், அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பங்கு ஈயம். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வளவு உலோகத்தை உருக்கி வார்த்தவர்களின் திறமையைப் பாரீர்!

ஆனால் இழந்தது என்ன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சூசாவின் வீடுகளும் சுவர்களும் வெயிலில் காய்ந்த மண்கல்லால் கட்டப்பட்டவை. சுவரும் மண், அதைச் சூழ்ந்ததும் மண். ஐந்து மீட்டர் தட்டாக வெட்டியபோது அந்தச் சுவர்கள் இனம் தெரியாமல் வண்டியில் ஏறிப் போயின. எந்தப் பொருள் எந்த அடுக்கில், எந்த அறையில் கிடந்தது என்ற விவரமும் கூடவே போயிற்று. கல்லும் வெண்கலமும் கனமான தாதுவாகத் தங்கின; மக்கள் வாழ்ந்த வீடுகள் இலேசான மணலாகக் கழிந்தன. 1946க்குப் பின் கீர்ஷ்மன் அங்கே அடுக்கடுக்காகப் பொறுமையுடன் தோண்டியபோதுதான், ஒரு மேட்டை எப்படிப் படித்திருக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று.

இன்னொன்றும் உண்டு. 1900இல் செய்த ஒப்பந்தப்படி சூசாவில் கிடைத்தவை முழுவதும் பிரான்சுக்கே உரியவை. சட்டக்கல் இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாபிலோன் நாட்டிலிருந்து அதைப் போர்க்கொள்ளையாகச் சூசாவுக்குக் கொண்டுவந்தவன் ஈலாம் அரசன். அங்கிருந்து ஒப்பந்தத்தின் பெயரால் இரண்டாம் முறை அது இடம் மாறியது. மண்ணுக்கு உரியவர்கள் இரு முறையும் கேட்கப்படவில்லை. பேராக் ஈயம் கப்பலேறிய கதையை அறிந்த நாம் இதை வேறு கண்ணால் பார்க்க இயலாது.

மோர்கன் 1912இல் பதவியை விட்டு விலகினார். நோயுற்ற நிலையிலும் எழுதிக்கொண்டே இருந்தார். வரலாற்றுக்கு முந்தைய மனித வாழ்வைப் பற்றிய அவர் நூல் 1921இல் வெளிவந்தது. 1924 ஜூனில் மார்செய் நகரில் காலமானார். உழைப்பில் குறை வைக்காதவர், பல துறை அறிந்தவர். ஆனால் தான் தேடாததைச் சூசாவின் மண்ணில் காணத் தவறியவர். பேராக்கில் நத்தையையும் விடாமல் பொறுக்கிய அதே கண்தான் அது என்பது நம்மை யோசிக்க வைக்கிறது.

நம் கிந்தாவும் இதே பாடத்தைச் சொல்கிறது. ஈயம் அரித்த பின் மிஞ்சும் கறுப்பு மணலை ஆமாங் என்பார்கள். ஒரு காலத்தில் அதைக் கழிவென்று கொட்டினார்கள். பின்னர் அதில் இல்மனைட், சிர்க்கான், மோனசைட் ஆகிய கனிமங்கள் இருப்பதறிந்து, கொட்டியதையே மீண்டும் அள்ளினார்கள். 1985இல் ஈய விலை சரிந்து சுரங்கங்கள் மூடப்பட்டன. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. தோட்டத்துச் சூராவ்களும் சிறு மையவாடிகளும் நம் கண்முன்னே மறைந்து வருகின்றன.

ஆகவே, ஐம்பது ஆண்டுகளைக் கடந்த நம் சங்கத்தின் உறுப்பினர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். பழைய கணக்குப் புத்தகம், கப்பல் சீட்டு, நிக்காஹ் பத்திரிகை, தோட்டத்துச் சூராவின் புகைப்படம், மீஸான் கல்லில் தேய்ந்துபோன ஒரு பெயர், எதுவானாலும் அற்பமென்று தள்ளிவிட வேண்டாம். எங்கே கிடைத்தது, யாருடையது, எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி அதனுடன் சேர்த்து வையுங்கள். அந்த விவரம் இல்லாமல் பொருள் மட்டும் இருந்தால் பாதி வரலாறுதான் நம் கையில் இருக்கும். அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு மலர் தொகுப்பவர்கள் தேடப்போவது இன்று நாம் எதைத் தூக்கி எறியாமல் விட்டோமோ அதைத்தான்.