விண்மீனின் நாடி பிடித்தவர்

டுரியான் வாங்கப் போனால் கடைக்காரர் பழத்தைக் கத்திப் பிடியால் தட்டுவார்; காதருகே குலுக்கிப் பார்ப்பார். பிளக்காமலேயே உள்ளே எப்படி என்று சொல்லிவிடுவார். ஆர்தர் எடிங்டனைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருகிறார். எடிங்டன் உள்ளே பார்க்க நினைத்தது பழத்தை அல்ல, விண்மீனை.

1882-இல் வட இங்கிலாந்தின் கெண்டல் நகரில் பிறந்தார். 1884-இல் தந்தை டைபாய்டு காய்ச்சலில் இறந்துவிட, தாய் சிக்கனமாகக் குடும்பம் நடத்தினார். உபகாரச் சம்பளத்திலேயே படித்து கேம்பிரிட்ஜ் சென்றார். 1904-இல் அங்கே கணிதத் தேர்வில் முதலிடம். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல்முறை. 1914-இல் அங்குள்ள வானாய்வகத்தின் இயக்குநரானார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

1919 சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டைனின் கொள்கையைச் சோதித்தவர் என்றே பலரும் இவரை அறிவோம். என்னைக் கவர்வது அதே காலத்தில் அவர் செய்த இன்னொரு வேலை.

டெல்டா செஃபி என்ற விண்மீன் 5 நாள் 9 மணி நேரத்துக்கு ஒருமுறை பிரகாசமாகி மங்கும். அது விரிந்து சுருங்குவதால்தான் இப்படி என்று ஹார்லோ ஷாப்லி 1914-இல் வாதிட்டார். அந்தத் துடிப்பை எடிங்டன் கணக்கால் விளக்கினார். ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது, வாயுவின் அழுத்தம் வெளியே தள்ளுகிறது. விண்மீன் அடர்த்தியாக இருந்தால் துடிப்பு வேகமாகும். அடர்த்தி குறைந்தால் மெதுவாகும். ஆகவே, துடிப்பின் நேரத்தை அளந்தால் அடர்த்தி தெரிந்துவிடும்!

ஆனால், தள்ளிவிட ஆளில்லாத ஊஞ்சல் நின்றுவிடுமே? சுருங்கும்போது வெப்பத்தை அடைத்து, விரியும்போது திறந்துவிடும் வால்வு ஒன்று உள்ளே இருக்கவேண்டும் என்றார் எடிங்டன். அது எங்கே என்பதைச் சரியாகச் சொல்ல அவரால் முடியவில்லை. மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே இருக்கும் ஹீலிய அடுக்குதான் அது என்று 1950-களில் சோவியத் ஆய்வாளர் ஷெவாக்கின் காட்டினார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குறிப்பிட்ட நிறையைத் தாண்டிய விண்மீன் வெண்குறளியாக முடிய முடியாது என்று 1935-இல் நம் சந்திரசேகர் லண்டன் கூட்டத்தில் விளக்கினார். அப்போது அவருக்கு 24 வயது. அடுத்துப் பேசிய எடிங்டன் அதை அவையிலேயே நிராகரித்தார். கணக்கை நம்பியே விண்மீனுக்குள் நுழைந்தவர், இளைஞரின் கணக்கை நம்ப மறுத்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. சந்திரசேகரோ பகை பாராட்டவில்லை. எடிங்டனின் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜுக்கே சென்று அவரைப் பற்றி உரையாற்றினார்.

எடிங்டன் 1944-இல் மறைந்தார். 1960-களின் தொடக்கத்தில், சூரியனின் மேற்பரப்பு சுமார் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குவதை ராபர்ட் லெய்ட்டன் குழுவினர் கண்டனர். இங்கே வால்வு இல்லை; மேலே கொதிக்கும் வாயு எழுப்பும் ஒலியலைகளே காரணம். 2009-இல் ஏவப்பட்ட கெப்ளர் தொலைநோக்கி, சூரியனைப் போன்ற சுமார் 500 விண்மீன்களில் இதே நடுக்கத்தைப் பிடித்தது. அதிலிருந்து முதலில் கிடைப்பது சராசரி அடர்த்தி. வெப்பநிலையையும் சேர்த்துக்கொண்டால் நிறையும் ஆரமும் வரும். மையத்தைத் தொட்டுவரும் அலைகளோ அங்கே ஹைட்ரஜன் எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்று காட்டும்; அதுதான் விண்மீனின் வயது.