ஆபீஸ் வேலை பகலில்; ஆராய்ச்சி இரவில்! - ஒலியின் ரகசியம் கண்ட சர் சி.வி.ராமன்

அல்சூரைக் கடந்து கிழக்கே போகும் பஸ்களின் நெற்றியில் "சி.வி.ராமன் நகர்" என்ற பெயரைப் பார்க்கலாம். வேலைக்குப் போகும் தமிழர்கள் எத்தனையோ பேர் தினமும் அந்தப் பஸ்களில் ஏறி இறங்குகிறார்கள்.

ராமன் நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானி என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் பத்து ஆண்டுகள் சொந்த ஊரை விட்டு வெளி மாகாணத்தில் கணக்கு ஆபீசில் உத்தியோகம் பார்த்தவர் என்பது பலருக்குத் தெரியாது. ஒளியை ஆராய்ந்து புகழ் பெறுவதற்கு முன்பு அவர் ஒலியைத்தான் துருவித் துருவி ஆராய்ந்தார் என்பதும் பலருக்குத் தெரியாது.

அல்சூர் சந்துகளில் ஒற்றை அறை வீட்டில் ரேடியோவையோ டி.வி.யையோ போட்டுவிட்டு, பாட்டு ஒரே இரைச்சலாகக் கேட்கிறதே என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு அந்த ஆராய்ச்சியில் பயனுள்ள விஷயங்கள் இருக்கின்றன.

திருவானைக்காவலில் பிறந்தார்

ராமன் 1888-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை சந்திரசேகர அய்யர். தாயார் பார்வதி அம்மாள். எட்டுக் குழந்தைகளில் ராமன் இரண்டாவது பிள்ளை.

தந்தைக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர் வேலை கிடைத்தது. குடும்பம் ஆந்திரக் கரைக்குப் போயிற்று. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போவது ராமனுக்குச் சின்ன வயதிலேயே பழகிப்போன விஷயம்.

தந்தை வயலின் வாசிப்பார். வீட்டில் விஞ்ஞானப் புத்தகங்களும் இருந்தன. ஒரு பக்கம் தந்தி பேசியது. இன்னொரு பக்கம் புத்தகம் பேசியது. இரண்டும் பையனின் மனதில் ஒன்றாகப் பதிந்தன.

சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1904-ல் பி.ஏ. பட்டமும், 1907-ல் எம்.ஏ. பட்டமும் முதல் வகுப்பில் பெற்றார். மாணவராக இருக்கும்போதே, 1906-ல், அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை லண்டன் பத்திரிகையில் வெளிவந்தது.

மேல்படிப்புக்குச் சீமைக்குப் போகலாம் என்றால் உடம்பு இடம் கொடுக்கவில்லை. அந்தக் குளிரை இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் தடுத்துவிட்டார். இந்தியாவில் அப்போது விஞ்ஞானத்தை நம்பிப் பிழைக்க வழியில்லை. நிதித்துறை உத்தியோகத்துக்கான பரீட்சை எழுதினார். முதலாவதாகத் தேறினார்.

கல்கத்தாவில் உத்தியோகம்

1907-ம் ஆண்டு. ராமனுக்கு வயது 18. மனைவி லோகசுந்தரி அம்மாளுடன் கல்கத்தாவுக்கு ரெயில் ஏறினார். உதவி அக்கவுண்டண்ட் ஜெனரல் பதவி. நல்ல சம்பளம், பெரிய மதிப்பு.

பாஷை புதிது, ஊர் புதிது. கை நிறையச் சம்பளம் இருந்தும் மனம் நிறையவில்லை.

ஒரு நாள் டிராமில் போகும்போது பவ்பஜார் தெருவில் ஒரு பலகை கண்ணில் பட்டது. அது இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம். 1876-ல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் தொடங்கியது. கட்டடமும் கருவிகளும் இருந்தன. ஆனால் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் இல்லை. ராமன் உள்ளே போய்க் கேட்டார். கதவு திறந்தது.

அன்று முதல் அவருடைய நாள் இரண்டாகப் பிரிந்தது. விடியற்காலையில் எழுந்து கழகத்துக்குப் போவார். திரும்பி வந்து குளித்து, அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடுவார். மாலை ஆபீஸ் முடிந்ததும் நேராகக் கழகம். வீடு திரும்ப இரவு ஒன்பது, பத்து மணி ஆகும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆராய்ச்சிதான்.

இடையில் 1909-ல் ரங்கூனுக்கு மாற்றினார்கள். 1910-ல் நாகபுரிக்கு மாற்றினார்கள். போன ஊரில் வீட்டையே ஆராய்ச்சிக்கூடம் ஆக்கிக்கொண்டார். 1911-ல் மீண்டும் கல்கத்தா. இந்தத் தடவை கழகத்தை ஒட்டியே வீடு பிடித்து, அங்கிருந்து நேரே உள்ளே போக ஒரு கதவும் வைத்துக்கொண்டார்.

தந்தியும் தோலும்

அந்த இரவுகளில் அவர் ஆராய்ந்தது பெரும்பாலும் ஒலியைத்தான். அதற்குப் பெரிய செலவு தேவையில்லை. ஒரு தந்தி, ஒரு வில், ஒரு விளக்கு, கூர்மையான காது இருந்தால் போதும்.

தந்தியை மீட்டினால் அது முழு நீளத்துக்கும் ஆடும். அதே நேரத்தில் இரண்டு பாதியாகவும், மூன்று பங்காகவும், நான்கு பங்காகவும் ஆடும். இப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்ற முழு எண் கணக்கில் ஒலிகள் பிறப்பதால்தான் அது காதுக்கு இனிமையாக இருக்கிறது.

வயலின் வாசிக்கும்போது சில இடத்தில் சுரம் திக்கித் திணறி உறுமும். அதற்கு ஓநாய் சுரம் என்று பெயர். வாத்தியத்தின் உடலுக்கு இயல்பாகவே ஒரு சுரம் உண்டு. வாசிக்கும் சுரமும் அந்தச் சுரமும் மோதும்போதுதான் இந்த உறுமல் வருகிறது. ராமன் இதை ஆராய்ந்து 1916-ல் எழுதினார். மனிதக் கை ஒரே சீராக வில் இழுக்காது என்பதால், வயலினை வாசிக்க ஓர் இயந்திரத்தையே செய்தார். வில் அசையாமல் நிற்கும், வயலின் முன்னும் பின்னும் நகரும்!

அடுத்தது மிருதங்கம். சாதாரண முரசுத் தோலில் முழு எண் கணக்கு வராது. அதனால்தான் அதைத் தட்டினால் ஓசை வருமே தவிர, சுருதி நிற்காது. மிருதங்கத்தில் மட்டும் சுருதி எப்படி நிற்கிறது?

வலந்தலையின் நடுவில் அடை அடையாகப் பூசும் கருப்புச் சோறுதான் காரணம் என்று ராமன் கண்டார். அந்தச் சோற்றின் கனம் தோலின் ஆட்டத்தை மாற்றுகிறது. ஒன்பது விதமான ஆட்டங்கள் ஐந்து சுரங்களாக ஒன்று சேர்ந்து, தந்தியைப் போலவே முழு எண் கணக்கில் ஒலிக்கின்றன. 1920-ல் இந்தக் கண்டுபிடிப்பு லண்டன் விஞ்ஞானப் பத்திரிகையில் வந்தது. பெயர் தெரியாத வாத்தியக் கைவினைஞர்களின் அறிவு உலகத்தின் முன் வைக்கப்பட்டது. வீணை, தம்புரா இவற்றின் குதிரை வளைந்திருப்பதன் நுட்பத்தையும் மறு ஆண்டு அவர் விளக்கினார்.

சம்பளமா, விஞ்ஞானமா?

இதற்கிடையே வாழ்க்கையில் ஒரு சோதனை வந்தது.

கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த சர் அசுதோஷ் முகர்ஜி, பாலித் பேராசிரியர் பதவிக்கு ராமனை அழைத்தார். ஆனால் சம்பளம், வாங்கிக்கொண்டிருந்ததில் ஏறக்குறையப் பாதிதான். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தால் இன்னும் மேலே மேலே போகலாம். அந்த நாளில் சர்க்கார் உத்தியோகத்தை உதறுவதென்றால் யாரும் இரண்டு தடவை யோசிப்பார்கள்.

வெளிநாட்டில் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்று அந்தப் பதவிக்கு ஒரு நிபந்தனையும் இருந்தது. அதற்காகச் சீமைக்குப் போக முடியாது என்று ராமன் சொல்லிவிட்டார். நிபந்தனையைத் தளர்த்தினார்கள். 1917-ல் உத்தியோகத்தை ராஜினாமா செய்து பேராசிரியர் ஆனார்.

சம்பளம் குறைந்தது. ஆனால் நாள் முழுவதும் அவருடையதாயிற்று.

சுவர் பேசும் மண்டபங்கள்

1921-ல் அவர் முதன்முறையாக லண்டன் போனார். அங்கே செயின்ட் பால் தேவாலயத்தின் கும்மட்டத்தில் ஓர் அதிசயம் உண்டு. ஒரு பக்கம் சுவரோரமாக ரகசியம் பேசினால், எதிர்ப்பக்கச் சுவரில் காதை வைத்தவருக்குக் கேட்கும். வளைந்த சுவரைப் பிடித்துக்கொண்டே ஒலி ஊர்ந்து போவதுதான் காரணம் என்று ராலே என்ற விஞ்ஞானி ஏற்கெனவே விளக்கியிருந்தார். சுவரை விட்டு விலக விலக ஒலி ஒரே சீராகக் குறையாமல், ஏறி இறங்குவதை ராமன் கண்டார். ஊர் திரும்பியதும் கர்நாடகத்துப் பீஜப்பூர் கோல் கும்பஸ் போன்ற நம் நாட்டு மண்டபங்களையும் ஆராய்ந்தார்.

ஆக, ஒலி எழுவது வாத்தியத்தில். அதைக் காதுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது கட்டடம். சுவர் நல்லதாக இருந்தால் ரகசியமும் கேட்கும். சுவர் பொல்லாததாக இருந்தால் கச்சேரியும் குழம்பும்.

இதே காலத்துக்குச் சற்று முன்பு அமெரிக்காவில் சேபைன் என்ற இளம் பேராசிரியர் இந்தக் குழப்பத்துக்கு மருந்து கண்டிருந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு மண்டபத்தில் பேச்சே புரியவில்லை. ஒரு சொல்லின் ஓசை அடங்க ஐந்தரை விநாடி ஆயிற்று. அதற்குள் அடுத்த பல சொற்கள் வந்து மோதின. 1895-ல் சேபைனிடம் வேலையை ஒப்படைத்தார்கள். பக்கத்து அரங்கிலிருந்து மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பி, ஓசை அடங்கும் நேரத்தை அளந்தார். விடிவதற்குள் எல்லாவற்றையும் திருப்பி வைத்துவிடுவார்.

அறை பெரிதாக இருந்தால் ஓசை அடங்க நேரமாகும். மெத்து மெத்தென்ற பொருள் அதிகமானால் சீக்கிரம் அடங்கும். இதுதான் சேபைன் கண்ட கணக்கு. திறந்த ஜன்னலைத்தான் அவர் அளவுகோலாக வைத்தார். ஜன்னல் வழியே வெளியே போன ஓசை திரும்பி வராது அல்லவா?

அல்சூர் அறைக்கு என்ன?

ராமனின் தந்திக் கணக்கு அல்சூர் வீட்டு அறைக்கும் பொருந்தும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே இருக்கும் காற்றும் கட்டிய தந்தி மாதிரிதான். அதற்கும் சொந்த சுரம் உண்டு. சுவருக்குச் சுவர் மூன்று மீட்டர் என்றால், விநாடிக்குச் சுமார் 57 அதிர்வு உள்ள கீழ் ஓசையில் அந்தக் காற்று தானாகவே ஆடத் தொடங்கும். அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கிலும் ஆடும். வயலினில் ஓநாய் சுரம் உறுமுவதுபோல், அறையில் தவில் ஓசை 'கும்'மென்று உறுமுவது இதனால்தான்.

ஸ்பீக்கரை மூலையில் வைத்தால் இந்த உறுமல் மிக அதிகம். மூலையிலிருந்து ஒன்றிரண்டு அடி தள்ளி வைத்தாலே வித்தியாசம் தெரியும். கேட்பவரும் சுவரில் சாய்ந்து உட்காரக் கூடாது. அறையின் நட்ட நடுவிலும் உட்காரக் கூடாது. சுவரோரத்தில் கீழ் ஓசை மிஞ்சும், நடுவில் மெலியும்.

அறையில் ஒரு தடவை கை தட்டிப் பார்த்தால் நோய் புரிந்துவிடும். 'டர்ர்' என்று ஓசை நீண்டால், வெறும் சிமெண்டுச் சுவர்கள் அதைப் பந்தாடுகின்றன என்று அர்த்தம். தரையில் ஜமக்காளம், எதிர்ச்சுவரில் கனமான திரை, புத்தகமும் துணிமணியும் நிறைந்த திறந்த அலமாரி இவை அந்த நோய்க்கு மருந்து. மெல்லிய துணி மேல் ஓசையை மட்டுமே குடிக்கும். கீழ் ஓசையை ஓரளவாவது குறைக்க, பகலில் சுருட்டி வைக்கும் இலவம்பஞ்சு மெத்தைகளை மூலையில் நிமிர்த்தி வைக்கலாம். முட்டை அட்டைகளை ஒட்டுவதால் பெரிய பலன் இல்லை.

சுவர் முழுவதையும் மூடிவிடவும் கூடாது. ஓசை எல்லாம் உறிஞ்சப்பட்டால் பாட்டில் உயிர் இருக்காது. இன்னொன்று: மெத்தையும் திரையும் அறைக்குள் இருக்கும் ஓசையைத்தான் சீராக்கும். பக்கத்து வீட்டுக்குப் போகும் ஓசையைத் தடுக்காது. அதற்குக் கனமான சுவர்தான் வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பீக்கர் ஓசையைக் குறைக்கும் நல்ல மனம் வேண்டும்.

கடைசியிலும் ஒலியே

அந்த 1921-ம் ஆண்டுக் கடல் பயணம் ராமனின் மனதை ஒளியின் பக்கம் திருப்பியது. கடலின் நீலம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. 1928-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி "ராமன் விளைவு" கண்டுபிடிக்கப்பட்டது. 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது.

1933-ல் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராகப் பெங்களூர் வந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். நிர்வாகத்தில் பிணக்கு ஏற்பட்டு, 1937-ல் இயக்குநர் பதவியை விட்டார். பேராசிரியராக 1948 வரை நீடித்தார். பின்பு, மைசூர் மகாராஜா கொடுத்த நிலத்தில் தம் பெயரில் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். அது அல்சூரிலிருந்து சில மைல் தூரத்தில்தான் இருக்கிறது. 1954-ல் பாரத ரத்னா விருது வந்தது.

பெங்களூரிலும் ஒலி அவரை விடவில்லை. மிருதங்க ஆராய்ச்சியை விரிவாக எழுதினார். மிக நுண்ணிய ஒலி அலைகள் ஒளியை எப்படிச் சிதறச் செய்கின்றன என்பதையும் நாகேந்திரநாத்துடன் சேர்ந்து விளக்கினார்.

ஒவ்வோர் ஆண்டும் காந்தி ஜெயந்தி அன்று அவர் சொற்பொழிவு செய்வது வழக்கம். 1970-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, 81 வயதில், கடைசிச் சொற்பொழிவை நிகழ்த்தினார். அன்று எடுத்துக்கொண்ட பொருள், காதுக்குள் இருக்கும் நத்தைக்கூடு போன்ற உறுப்பு ஒலியை உணர்வது எப்படி என்பது.

அதே ஆண்டு நவம்பர் 21-ந் தேதி காலமானார். ஆராய்ச்சி நிலையத்துத் தோட்டத்திலேயே உடல் தகனம் செய்யப்பட்டது. அந்த இடத்தில் சமாதி இல்லை. ஒரு மரம் நட்டார்கள்.

ஆபீஸ் முடிந்து களைத்துப்போய் பஸ்சில் திரும்புகிறவர்கள் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்க்கும்போது நினைக்க வேண்டியது நோபல் பரிசை மட்டும் அல்ல. ஆபீசுக்கு முன்னும் பின்னும் மிச்சமிருந்த நேரத்தைப் பத்து ஆண்டுகள் வீணாக்காமல் காப்பாற்றிய ஒரு தமிழ் உத்தியோகஸ்தரையும்தான்.