திக்கற்றோரின் தாய் பண்டித ரமாபாய் அம்மையார்



கர்த்தர் தம்முடைய வேலைக்கு யாரைத் தெரிந்துகொள்வார் என்று மனுஷன் கணக்குப் போட முடியாது. நாம் படிப்பைப் பார்க்கிறோம், வசதியைப் பார்க்கிறோம், ஆள்பலத்தைப் பார்க்கிறோம. ஆண்டவரோ பஞ்சத்தில் பெற்றோரை இழந்த ஒரு பெண்ணை, கைக்குழந்தையோடு நின்ற ஒரு இளம் விதவையை எடுத்து, ஏறக்குறைய இரண்டாயிரம் திக்கற்றவர்களுக்குத் தாயாக்கினார். அந்த அம்மாவின் ஜீவியத்தை இந்த மாதம் தியானிப்போம்.

பஞ்சத்தில் பறிபோன குடும்பம்

ரமாபாய் 1858 ஏப்ரல் 23ந் தேதி, மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்கமூலா என்னும் காட்டுப் பகுதியில் பிறந்தார். தகப்பனார் அனந்த சாஸ்திரி பெரிய சமஸ்கிருத பண்டிதர். பெண்கள் சமஸ்கிருதம் படிக்கக்கூடாது என்றிருந்த அந்தக் காலத்திலே அவர் தன் மனைவிக்குக் கற்றுக்கொடுத்தார். அதனால் ஊராரின் எதிர்ப்பைச் சம்பாதித்தார். அந்தத் தாயிடம்தான் ரமாபாய் பாடம் படித்தார்.

குடும்பம் சொத்தை இழந்து, ஊர் ஊராய் யாத்திரை போய், புராணம் வாசித்துக் கிடைக்கும் காணிக்கையில் பிழைத்தது. அப்படி இந்தச் சென்னை மாகாணத்திற்குள் வந்தபோதுதான் பஞ்சம் பிடித்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதற்குச் சற்று முன்னே, 1874ல் வந்த பஞ்சம் அது. சில மாதங்களுக்குள் தகப்பன், தாய், அக்காள் மூவரும் போய்ச் சேர்ந்தார்கள். பதினாறு வயது ரமாபாயும் அண்ணன் ஸ்ரீனிவாசனும் மட்டும் மிச்சம். பசியோடு கால்நடையாய் நாடெங்கும் அலைந்து, 1878ல் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். அங்கே பண்டிதர்கள் இந்தப் பெண்ணின் ஞானத்தைச் சோதித்துப் பார்த்து ஆச்சரியப்பட்டு, பண்டிதா, சரஸ்வதி என்கிற பட்டங்களைக் கொடுத்தார்கள்.

பட்டம் வந்தது, ஆனா துக்கம் விடவில்லை. 1880ல் அண்ணன் மரித்தார். அந்த வருஷமே விபின் பிஹாரி என்னும் வங்காள வக்கீலை ஜாதி பார்க்காமல் மணந்தார். 1881ல் மனோரமா என்ற பெண் குழந்தை பிறந்தது. 1882 பிப்ரவரியில் கணவரைக் காலரா கொண்டுபோயிற்று. கலியாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகலீங்க! இருபத்து மூன்று வயதில் விதவை.

ஆனால் கர்த்தர் சும்மா இருக்கவில்லை. கணவர் வீட்டுப் புத்தகங்களுக்கு நடுவே வங்காள மொழியில் லூக்கா சுவிசேஷம் ஒன்று அவர் கையில் கிடைத்திருந்தது. விதை விழுந்தாச்சு.

கடல் கடந்து வந்த உதவி

பூனாவுக்கு வந்து பெண்களுக்காக ஒரு சங்கம் ஆரம்பித்தார். 1883ல் இங்கிலாந்து போனார். வான்டேஜ் என்னும் ஊரைச் சேர்ந்த கிறிஸ்தவ சகோதரிகள், சமுதாயம் தள்ளிவிட்ட ஸ்திரீகளை அன்போடு விசாரித்துத் தூக்கிவிடுவதை லண்டனில் கண்டார். இந்த அன்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். யோவான் 4ம் அதிகாரத்துச் சமாரியா ஸ்திரீயின் சம்பவத்தை வாசித்துக் காட்டினார்கள். அவர் உள்ளம் உடைந்தது. 1883 செப்டம்பர் 29ந் தேதி மகளோடு ஞானஸ்நானம் பெற்றார். ஆனாலும் இயேசுவையே சொந்த இரட்சகராகக் கண்டடைந்தது எட்டு வருஷம் கழித்து 1891ல்தான் என்று அவரே பிற்பாடு சாட்சி சொன்னார். ஞானஸ்நானம் எடுத்தாச்சு என்று திருப்தியாய் உட்கார்ந்திருக்கிறவர்கள் இதைக் கவனிக்கணும்.

1886ல் அமெரிக்கா போய், இந்திய விதவைகளின் நிலைமையைச் சபை சபையாய், பட்டணம் பட்டணமாய் எடுத்துச் சொன்னார். 1887 டிசம்பரில் பாஸ்டன் பட்டணத்தில் ரமாபாய் சங்கம் உண்டானது. பத்து வருஷத்திற்குப் பணம் அனுப்புகிறோம் என்று பொருத்தனை செய்தார்கள். முன்பின் பார்த்திராத இந்திய விதவைகளுக்காக அந்நிய தேசத்து விசுவாசிகள் காசு சேர்த்தார்கள்.

அந்த உதவியால் 1889 மார்ச் 11ந் தேதி பம்பாயில் சாரதா சதன் என்கிற பள்ளி ஆரம்பமானது. மறுவருஷம் பூனாவுக்கு மாறியது. அங்கே முதல் விதவை மாணவி கோதுபாய். பிற்பாடு இவரைத்தான் தோண்டோ கேசவ் கார்வே 1893ல் மறுமணம் செய்தார். அந்தக் கார்வேதான் 1916ல் பெண்களுக்கென்று பல்கலைக்கழகம் ஏற்படுத்தியவர்.

ரமாபாய் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் தன் அறையில் கதவைத் திறந்து வைத்து ஜெபிப்பார். பிள்ளைகள் தாங்களாக வந்து உட்கார்ந்தார்கள். 1893ல் பூனாவில் பெரிய எதிர்ப்பு எழும்பிற்று. ஆலோசனைக் குழுவிலிருந்த பெரியவர்கள் விலகினார்கள். பல பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அம்மா கதவை மூடவில்லை.

உதவிக்கு முடிவு தேதி உண்டு

பிரியமானவர்களே, இங்கேதான் அவருடைய ஞானத்தைப் பார்க்கணும். பணம் வந்துகொண்டிருக்கிற நாளிலேயே, பத்து வருஷம் முடிஞ்சா என்ன செய்வோம் என்று யோசித்தார். பூனாவிலிருந்து ரயில் போகும் வழியில் கேட்காவ் என்னும் கிராமத்தில் சுமார் நூறு ஏக்கர் நிலம் வாங்கினார். பழமரங்கள் வைத்து, அதன் பலனில் பள்ளி நடக்கட்டும் என்பது அவர் எண்ணம்.

1896, 97ல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் வந்தது. பசி என்னவென்று தன் வயிற்றில் அறிந்த அம்மா சும்மா இருப்பாரா? நேரே போய் ஏறக்குறைய முந்நூறு பெண்களையும் சிறுமிகளையும் கொண்டுவந்தார். பூனாவில் பிளேக் நோய்க் கட்டுப்பாட்டினால் அவர்களைத் தங்க வைக்க முடியவில்லை. அப்பொழுது பழத்தோட்டத்துக்கு வாங்கின நிலமே அடைக்கலமாயிற்று. அதுதான் முக்தி இல்லம். 1900ல் குஜராத் பஞ்சத்திலும் ஏராளமானவர்களை மீட்டார்.

அங்கே ஒருத்தரும் சும்மா உட்கார்ந்து சாப்பிடவில்லை. உழுதார்கள், கிணறு வெட்டினார்கள், நெய்தார்கள், தைத்தார்கள், எண்ணெய் ஆட்டினார்கள், பால்மாடு பார்த்தார்கள், அச்சகம் நடத்தினார்கள். கண் தெரியாதவர்களும் கைத்தொழில் கற்றார்கள். தேவைகளுக்காக, பிரிஸ்டல் பட்டணத்து ஜார்ஜ் முல்லரைப் போல, முழங்காலில் நின்றார்கள்.

எழுப்புதல் அங்கேதான் இறங்கியது

1904ல் வேல்ஸ் தேசத்தில் உண்டான எழுப்புதலைக் கேள்விப்பட்டு, 1905 ஜனவரியில் ரமாபாய் விசேஷ ஜெபம் ஏறெடுக்க அழைத்தார். முதலில் எழுபது பேர் போலக் கூடினார்கள். ஜூன் மாதத்துக்குள் 550 பேர். அந்த மாதக் கடைசியில் பரிசுத்த ஆவியானவர் வல்லமையாய் இறங்கினார். பிள்ளைகள் பாவத்தை அறிக்கை செய்து அழுதார்கள், துதித்தார்கள், கூட்டம் கூட்டமாய்ச் சுற்றுக் கிராமங்களுக்குச் சுவிசேஷம் சொல்லப் போனார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெரு எழுப்புதல் 1906ல். முக்தி எழுப்புதல் அதற்கு முந்தின வருஷம்!

உடன் ஊழியராயிருந்த மின்னி ஆப்ரம்ஸ் அம்மையார் ஆவியின் அபிஷேகத்தைக் குறித்து 1906ல் ஒரு புத்தகம் எழுதி, தென் அமெரிக்காவிலே சிலி தேசத்திலிருந்த தன் பழைய சிநேகிதிக்கு அனுப்பினார். அந்தச் சிநேகிதியின் கணவர் ஹூவர் போதகர். 1909ல் அங்கே எழுப்புதல் பற்றி எரிந்தது. சிலி தேசத்துப் பெந்தெகொஸ்தே சபைகள் அதில் பிறந்தவை. பாருங்கள்! கடல் கடந்து காசு வந்த வீட்டிலிருந்து கடல் கடந்து அக்கினி போனது. வாங்குகிறவர்கள் கொடுக்கிறவர்கள் ஆனார்கள்.

அம்மா கடைசி வருஷங்களில் எபிரெய, கிரேக்க மொழிகளைக் கற்று, படிக்காத ஸ்திரீகளுக்கும் விளங்கும்படி வேதாகமத்தை மராத்தியில் மொழிபெயர்த்தார். 1921ல் மகள் மனோரமா மரித்தார். அந்தத் துக்கத்திலும் வேலையை விடவில்லை. முடித்துவிட்டு, 1922 ஏப்ரல் 5ந் தேதி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். இந்திய அரசாங்கம் 1989ல் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. முக்தி இல்லம் இன்றும் நடக்கிறது.

நமக்கு என்ன?

நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர் பக்கத்திலே கரும்புக்காட்டிலும் நடவு வயலிலும் கூலிக்குப் போகிற விதவைகள் நம் சபைகளில் எத்தனை பேர்! கலியாண வீட்டில் அவர்களைப் பின்னுக்கு நிறுத்துகிற ஊர் வழக்கம் சபைக்குள்ளும் வந்துவிட்டதா? கிறிஸ்துமஸுக்கு ஒரு புடவை கொடுத்தால் கடமை முடிந்ததா? யாக்கோபு 1:27ஐ இன்று வீட்டில் திறந்து வாசியுங்கள். ஒரு தையல் மெஷின், ஒரு கறவை மாடு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பீஸ் — இதெல்லாம் சிறு சபையும் செய்யக்கூடியதுதான். ஜெபக்கூட்டம் நடத்தும் பொறுப்பையும் அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள்.

இல்லம் நடத்தும் ஊழியர்களே, வெளிநாட்டு உதவி கர்த்தர் அனுப்புவதுதான். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனா அதற்கு முடிவு தேதி உண்டு. பணம் வரும் நாளிலேயே மரம் நடுங்கள். பிள்ளையின் கண்ணீரைப் படம் பிடித்து அனுப்புவதைவிட, பிள்ளையின் கையில் ஒரு தொழிலைக் கொடுங்கள்.

பரலோகப் பிதாவே, எங்கள் நடுவிலிருக்கிற விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் பாரமாக அல்ல, உமது ஊழியத்தின் பாத்திரங்களாகப் பார்க்கும் கண்களைத் தாரும். எழுப்புதலை அவர்களிலிருந்தே ஆரம்பியும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென். அல்லேலூயா!