தூரிகையைத் துறந்த ஷா

பொருளியல் கற்பித்தவன் நான், ஓவியத்தில் தேர்ச்சியில்லை. ஆயினும் பாரசீகத்தை ஆண்ட ஷா தஹ்மாஸ்பின் வாழ்க்கை நெடுநாளாக என் சிந்தையில் இருந்து வருகிறது.

1514இல் பிறந்த அவர், குழந்தைப் பருவத்திலேயே ஹெராத்துக்குப் பெயரளவிலான ஆளுநராக அனுப்பப்பட்டார். நுண்ணோவியம் செழித்த நகரம் அது. தந்தை ஷா இஸ்மாயில் 1524இல் மறைந்தபோது, பத்து வயதில் அரியணை ஏறினார். அதிகாரம் கிஸில்பாஷ் தலைவர்களிடம் இருந்தது. அரசரின் கையில் இருந்ததோ தூரிகை. ஓவியம் வரையவும் அவர் கற்றிருந்தார்.

தப்ரீஸ் அரண்மனைக் கூடத்தில் அவருக்காக உருவானது ஃபிர்தௌசியின் ஷாநாமா: 759 ஏடுகள், 258 ஓவியங்கள். பல ஓவியர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். பொன்னும் விலையுயர்ந்த வண்ணங்களும் தாராளமாகச் செலவாயின. அவற்றுள் சுல்தான் முகம்மது தீட்டிய கயூமர்ஸின் அவை தனிச் சிறப்புடையது. உலகின் முதல் மன்னன் சிறுத்தைத் தோலுடுத்தி மலைமீது வீற்றிருக்கிறான். மகன் சியாமக் கொல்லப்படப்போகும் துயரம் அவன் முகத்தில் கவிந்திருக்கிறது. உற்றுப் பார்த்தால் பாறைகளுக்குள்ளும் முகங்கள் தென்படும்.

உஸ்மானியப் படையெடுப்புகளால் அலைக்கழிந்த தஹ்மாஸ்ப் தலைநகரைக் கஸ்வீனுக்கு மாற்றினார். வயது ஏற ஏறச் சமயப்பற்று மிகுந்தது, ஓவியத்தின்மீது கொண்ட ஈடுபாடு குன்றியது. மீர் சையத் அலியும் அப்துஸ் சமதும் ஹுமாயூனிடம் சென்று சேர்ந்தார்கள். முகலாய ஓவிய மரபு அவர்களிடமிருந்தே தொடங்குகிறது. ஒருவர் கைவிட்டது நமக்கு வரவாயிற்று.

1568இல் அந்த ஷாநாமாவையே, புதிதாக அரியணையேறிய உஸ்மானிய சுல்தான் இரண்டாம் சலீமுக்குப் பரிசாக அனுப்பினார். பக்தியே காரணம் என்பார் உண்டு. எனக்கு அது போதிய விளக்கமாகத் தோன்றவில்லை. 1555இல் சுலைமானுடன் செய்த அமாசியா உடன்படிக்கை அவருக்கு வாழ்நாள் ஆதாயம். சுலைமான் மறைந்தபின் அதைக் காத்துக்கொள்ள ஒரு நூலை ஈந்தது, படை திரட்டுவதைவிட மலிவான செலவு. 52 ஆண்டுகள் ஆண்டு 1576இல் அவர் இறந்தபோதும் அந்த அமைதி குலையவில்லை.

நூலுக்குத்தான் அமைதி வாய்க்கவில்லை. 1959இல் அதை வாங்கிய அமெரிக்கச் செல்வந்தர் ஆர்தர் ஹௌட்டன் ஏடு ஏடாகப் பிரித்தார். முழுமையைவிடத் துண்டுகளுக்கு விலை மிகும் சந்தையின் விபரீதம் இது. 78 ஓவியங்கள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் சேர்ந்தன. பல ஏலம் போயின. எஞ்சிய 118 ஓவியங்களை 1994இல் ஈரான், டி கூனிங்கின் ஓர் ஓவியத்தைக் கொடுத்துப் பண்டமாற்றில் மீட்டது. கயூமர்ஸின் அவை இன்று டொரண்டோவில், ஆகா கான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.